இரண்டாம் முழுக்கு

உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை தலைமுழுகப்பட்ட கோமதிநாயகம் இரண்டாவது தடவையாக, இம்முறை உண்மையாகவே, இறந்துபோன புதன்கிழமையன்று, அவருடைய அண்ணன் சிவசைலம் பல மலைகளுக்கும் கடல்களுக்கும் அப்பால் புடாபெஸ்ட் நகரத்தில் ஓர் ஓட்டல் அறையின் ஜன்னலோரம் நின்று கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி பிரமு குளியலறையில் இருந்தாள். அம்பாசமுத்திரத்தில் வேலைக்காலம் முழுவதும் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர் சிவசைலம். டான்யூப் நதியை நீலச் சாக்பீஸால் கரும்பலகையில் வளைத்து வளைத்து வரைந்து, அது நனைத்துப் போகும் நாடுகளின் பெயர்களை வகுப்பு முழுவதையும் ஒரே குரலில் சொல்லவைத்தவர். அந்த நதியின் ஒரு கைத் தண்ணீரைக்கூடக் கண்ணால் கண்டதில்லை என்ற குறை ஓய்வுபெற்ற பிறகு நாளுக்கு நாள் பெரிதாகி, கடைசியில் ஒரு டூர் கூட்டத்தோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்குக் கூட்டம் கடைவீதிக்குப் போகிறது. இவர்கள் இருவர் மட்டும் நடந்தே ஊரைப் பார்ப்பதென்று முந்தின நாளே பேசி வைத்திருந்தார்கள்.

செல்போன் அதிர்ந்தது. ஒரு குரல் செய்தி. அதுவரை அவர் கேட்டிராத பெண்குரல்.

"பெரியப்பா, நான் எழில் பேசுதேன். நாயகத்தோட மக. அப்பா வெடியக்காலம் தவறிட்டாக. நீங்க வெளிநாடு போயிருக்கீகன்னு சொன்னாக, உங்கள வரச் சொல்லலை. எனக்குக் கூடப்பொறந்தவன் இல்லை. நானே கொள்ளி வைக்கேங்கேன், தெருவுல ஒத்துக்கிட மாட்டேங்காக. அண்ணங்காரர் வாயால ஒரு வார்த்தை, பொம்பளப் பிள்ள வைக்கட்டும்னு சொல்லிட்டாப் போதும்ங்காக. விளக்கு வைக்கதுக்குள்ள எடுக்கணும். ஒரு வார்த்தை சொல்லிருங்க பெரியப்பா."

ஒருமுறை கேட்டார். சத்தத்தைக் குறைத்து இன்னொரு முறை கேட்டார். பிறகு அதை அழித்துவிட்டார். குளியலறைக் கதவு திறந்து பிரமு ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, "இன்னைக்கு வெயில் நல்லாருக்கும்போல" என்றார்.

தம்பிக்குத்தான் ஏற்கெனவே முழுகியாயிற்றே என்பது அவர் மனதில் முதலில் வந்த எண்ணம். இருபது வருஷத்துக்கும் மேலாயிற்று. வேறு ஆட்கள் வீட்டுப் பெண்ணான முத்தரசியை நாயகம் கட்டிக்கொண்ட மறுநாள் காலையில், அப்பா முன்னே நடக்க, அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு பின்னே நடக்க, பங்காளிகள் எல்லோரும் தாமிரபரணிப் படித்துறைக்குப் போய், எள்ளும் தண்ணீரும் இறைத்து, செத்தவனுக்கு முழுகுவதுபோல முழுகினார்கள். நாயகம் ஆற்றுக்கு அக்கரையில், கல்லிடைக்குறிச்சிப் பக்கம், துணி துவைக்கும் கல் ஒன்றில் உட்கார்ந்து கொய்யாப்பழம் கடித்துக்கொண்டு தன் சாவுக்கு நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் தலையைத் தூக்கியபோது அவன் கையைக் குவித்து வைத்துக் கத்தினான்: "அண்ணே, தண்ணி குளிருதா?" சிவசைலம் பதில் சொல்ல வேண்டியிராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். அவர் வெளியே வந்தபோது அக்கரையில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு கடைவீதியிலோ பஸ்ஸிலோ நாயகம் எதிர்ப்பட்டால் வீட்டு ஆட்கள் அவனை ஊடுருவி, அவனுக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். அப்பா செத்தபோதும் அம்மா செத்தபோதும் அவன் தெருமுனையில் வந்து நின்றான். கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனான்.

ஆகவே இப்போது புதிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிரமுவின் ஸ்வெட்டருக்குப் பொத்தான் மாட்டிவிட்டு, அவளோடு தெருவில் இறங்கினார்.

நதியின் குறுக்கே இருந்த சங்கிலிப் பாலத்தின் தொடக்கத்தில் கற்சிங்கங்கள் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தன. பிரமு ஒரு சிங்கத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இதுக்கு நாக்கு இல்லைன்னு நம்ம கைடு பையன் சொன்னானே, மெய்தானா?"

"இருக்கும். கீழ நின்னா தெரியாது."

"நாக்கு இருந்தும் வெளிய தெரியாட்டா என்ன புண்ணியம்?"

அவர் நதியைக் காட்டினார். அது நீலமாக இல்லை. பாசிப்பயறு கழுவிய தண்ணீரின் நிறத்தில், பெரிய வேலை ஏதோ இருப்பதுபோல அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் அது தொடங்கும் காட்டிலிருந்து கலக்கும் கடல்வரை நாடுகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஹங்கேரி என்று சொன்னபோது அவருடைய இடது காது மடலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தோளில் விழுந்தது. பிறகு இன்னொன்று விழுந்தது. பாலத்தின் நடுவுக்கு வருவதற்குள் உச்சந்தலையிலிருந்து நெற்றி வழியாக, புருவம் வழியாக, சட்டைக் கழுத்துக்குள் இறங்கி, பேன்ட்டின் மடிப்புகளிலிருந்து வெளியேறி, அப்போதுதான் ஆற்றிலிருந்து எழுந்த ஆளைப்போல அவர் நடந்துகொண்டிருந்தார். வெயில் நன்றாகத்தான் அடித்தது.

"வேர்க்குது" என்றார்.

பிரமு முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள். ஆற்றுப் பாசி வாசனை அடித்தது.

அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர்களுடைய தரைக்கு அடியில் எங்கே தோண்டினாலும் வெந்நீர் வரும். ராஜாக்கள் வந்து போனாலும், சண்டைகள் வந்து போனாலும், பாலங்கள் உடைந்து மறுபடி கட்டப்பட்டாலும், தலைமுறை தலைமுறையாகக் கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்துகொண்டுதான் அவர்கள் ஊர் நியாயத்தையும் வீட்டு வழக்கையும் பேசித் தீர்த்திருக்கிறார்கள். எனவே நனைந்த மனிதன் ஒருவன் எதிரே வந்தால், நல்ல வெயிலில் அவன் தலையிலிருந்தே ஊற்றெடுத்து நனைந்தாலும், அதில் அவர்களுக்கு வியக்க ஒன்றும் இல்லை, செய்யவேண்டியதைச் செய்தார்கள். பாலம் முடியும் இடத்தில் நின்ற போலீஸ்காரர் சிவசைலத்தைச் சாக்கடைத் துவாரம் இருந்த ஓரமாக நடக்கும்படி கைகாட்டினார். ஒரு நாய் அவர் விட்டுச்சென்ற தடத்தை நக்கிக் குடித்தது, நாயின் சொந்தக்காரர் தொப்பியைத் தூக்கி நன்றி சொன்னார். பூக்காரி ஒருத்தி தன் வாளிகளுக்குப் பக்கத்தில் அவரைச் சற்றுநேரம் நிற்கச் சொன்னாள், அவர் நின்றார், அவள் ரோஜாக்களை அவர் கைக்குக் கீழே சாய்த்துப் பிடித்து நனைத்துக்கொண்டு, பிரமுவுக்கு ஒரு வெள்ளைப் பூவைக் கொடுத்தாள்.

"இங்கன வெள்ளைப் பூ எதுக்கு வைப்பாகளோ" என்று சொல்லி, பிரமு அதைத் தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கோட்டை மலையில் ஏறினார்கள். வண்ண ஓடு வேய்ந்த தேவாலயத்தின் வாசலில், மழைக்காலத்தில் குடைகளுக்கு மாட்டுகிற நீளமான பிளாஸ்டிக் உறைகள் இருந்தன. வாசல்காரர் எதுவும் கேட்காமல் அதில் இரண்டை எடுத்து சிவசைலத்தின் ஷூக்களுக்கு மாட்டிவிட்டார். உள்ளே ஒரு துடைப்பக்காரப் பெண் அவசரமில்லாமல் பின்னால் துடைத்துக்கொண்டே வந்தாள், சில சமயம் அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவருக்கே தெரியுமுன் அந்தப் பக்கம் போய்க் காத்திருந்தாள். கொடி பிடித்த ஒரு வழிகாட்டி தன் கூட்டத்துக்குத் தூண்களைக் காட்டிவிட்டு, கண்ணாடி ஜன்னலைக் காட்டிவிட்டு, அடுத்ததாக சிவசைலத்தைக் காட்டி ஏதோ சொன்னார். கூட்டம் மரியாதையாகத் தலையசைத்து அடுத்த தூணுக்கு நகர்ந்தது.

மேலே மதிலிலிருந்து பார்த்தபோது நதியும், அக்கரையில் ஊசி ஊசியாக நின்ற பாராளுமன்றமும், பாலங்களும், அதற்கப்பால் கூரைகள் கூரைகளாக மங்கிப்போன தூரமும் ஒரே பார்வையில் விரிந்தன. இதைப் பார்க்கத்தான் வந்தார். நன்றாக இருந்தது, அவ்வளவு நன்றாக இருந்ததுதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு முகம் காத்துக்கொண்டிருப்பதும், அந்த முகத்துக்குத் தன் அப்பாவின் மூக்கு என்பதும் நினைவுக்கு வரும்போதெல்லாம் தண்ணீர் கொஞ்சம் வேகமாக ஓடியது. அவர் வேறு திசையைப் பார்த்தார், அந்தத் திசையும் அழகாக இருந்தது.

"ஒரு போட்டோ எடுக்கட்டா?" என்றாள் பிரமு.

"வேண்டாம். நனைஞ்சில்லா இருக்கேன்."

கீழே இறங்கி மறுகரைக்கு வந்து ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தார்கள். பரிமாறிய பெண் அவருக்கு மட்டும் மெத்தை இல்லாத நாற்காலியைக் கொண்டுவந்து, கீழே ஒரு அகலமான கேக் தட்டை வைத்தாள். காபி வந்தபோது அவருடைய சட்டைக் கையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கெண்டைக் குஞ்சு மேஜையில் விழுந்து துள்ளியது. அவள் அதை ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் தள்ளி, தம்ளரைச் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"முதலில் எந்தக் காதிலிருந்து வந்தது?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இடது."

"அப்படியானால் கூடப் பிறந்தவர்" என்றாள் அவள். "எங்கள் அப்பாவுக்கு வலது காதிலிருந்து வந்தது, அது அவருடைய முதலாளி. தண்ணீர் மீனோடு வந்தால் ஆற்றுத் தண்ணீர். நல்லதுதான். கிணற்றுத் தண்ணீர் என்றால் லேசில் நிற்காது." பிறகு மெதுவாக, "யார் இறந்தது?" என்றாள்.

"யாரும் இல்லை" என்றார் சிவசைலம்.

தட்டு நிறைந்து வழிந்தது. அவள் வேறு தட்டு எடுக்கப் போனாள்.

பிரமு காபியை ஆற்றவில்லை, குடிக்கவுமில்லை. வெள்ளைப் பூவை மேஜையில் வைத்தாள்.

"சொல்லுவீக சொல்லுவீகன்னு பாலத்துலேருந்து பாத்துக்கிட்டே வாரேன்."

அவர் நிமிர்ந்தார். "என்னத்தச் சொல்ல?"

"நாயகம் கொழுந்தனாரு போனதை."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அந்தப் பிள்ள எனக்கும்தானே அனுப்பியிருக்கு. நீங்க எந்திரிக்க முன்னாலயே வந்துட்டு. நான் முழுகிட்டேன்."

அவர் அவளுடைய பின்னலைப் பார்த்தார். புதன்கிழமை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் செவ்வாயும் வெள்ளியும் தவிர வேறு நாளில் தலைக்குக் குளித்ததில்லை. இந்தக் குளிர் தேசத்தில், காலையில், அவர் கண்ணெதிரே துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். பின்னலின் நுனி இன்னும் காயவில்லை. மற்றபடி அவள்மேல் ஒரு சொட்டு ஈரமில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் கதவத் திறந்தேன். நீங்க போன்ல அத அழிச்சிக்கிட்டு இருந்தீக. கண்ணாடியில தெரிஞ்சுது." அவள் தம்ளருக்குள் மீனைப் பார்த்தாள். "செரி, மனுசன் ஒருநாளாவது ஆசப்பட்ட ஊரப் பாக்கட்டும், தானாச் சொல்லட்டும்னு விட்டேன். அது என் தப்பு. ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல."

"நீயே அந்தப் பிள்ளைட்ட சரின்னு சொல்லியிருக்க வேண்டியதானே?"

"அண்ணங்காரர் வாய்ங்காக. அண்ணன் பொண்டாட்டி வாய்னு யாராவது சொன்னாகளா?"

அவர் குரலைத் தாழ்த்தினார், சுற்றிலும் யாருக்கும் அந்தப் பாஷை தெரியாதபோதும். "அவனுக்குத்தான் முழுகியாச்சுல்லா, பிரமு. நீயும்தான வந்த. ஒரு ஆளுக்கு எத்தனை தடவை முழுகுவாக?"

"அப்ப இது எங்கேருந்து வருது?" என்று அவர் முழங்கையிலிருந்து ஒழுகிய தண்ணீரைக் கையில் ஏந்திக் காட்டினாள். "போனை எடுங்க. அங்கன வெயில் சாஞ்சிருக்கும்."

அப்போதுதான் அவர் அந்தத் தவறைச் செய்தார். காலையிலிருந்து செய்ததெல்லாம் பயத்தில் செய்தது. இதை முறை என்று நினைத்துச் செய்தார். சாவு விழுந்த வீட்டுக்கு முழுகாத வாயோடு எப்படிப் பேசுவது, அதுவும் கொள்ளிக்கு உத்தரவு கொடுக்கிற வார்த்தையை எப்படித் தீட்டோடு சொல்வது என்றார். முதலில் முழுக வேண்டும், பிறகு பேசவேண்டும், அதுதான் ஒழுங்கு.

"பேசிட்டு முழுகுங்க" என்றாள் பிரமு. "தீட்டு நமக்குத்தான். போனுக்கு இல்ல."

"நீ சும்மா இரு. அன்னைக்கு முழுகக் கூடாதவனுக்கு முழுகுனது தப்பாப்போச்சு. இன்னைக்காவது முறையாச் செய்வோம்."

எழுந்து நேரே நதிக்கரைக்குப் போனார். கல் படிகள் தண்ணீருக்குள் இறங்கின. அவர் ஷூவைக் கழற்றியபோது ஆட்கள் கூடிவிட்டார்கள். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தூண்டிலைச் சுருட்டிவிட்டு வந்து அவர் தோளைப் பிடித்தார். இந்த நதி இழுத்துக்கொண்டு போய்விடும், பக்கத்து நாட்டில்தான் கரை ஒதுக்கும் என்று சைகையால் சொன்னார். முழுகுவதற்கென்று ஊரில் இடங்கள் இருக்கும்போது ஏன் இங்கே என்று ஒரு வயதான சீமாட்டி வருத்தப்பட்டாள். அவளே முன்னால் நடந்தாள். தூண்டில்காரர் வாளியோடு வந்தார். காபிக் கடைப் பெண் மீன் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்து சேர்ந்துகொண்டாள். இப்படியாக அந்த ஊர்வலம் மரங்கள் அடர்ந்த நீண்ட ராஜவீதி வழியாக, நனைந்த தடம் ஒரு கோடாக நீள, வாகனங்கள் ஒதுங்கி வழிவிட, மேற்கொண்டு போனது.

வழியில் இசை நாடக மாளிகை வந்தது. மேலே கற்சிலைகள் வரிசையாக நிற்க, சாயங்கால வெயில் தொடங்குவதற்கு முந்திய வெளிச்சம் அதன் முகப்பில் விழுந்திருந்தது. சிவசைலத்தின் கால்கள் தாமாகவே மெதுவாயின. அண்ணாந்து பார்த்தார், ஒரு மூச்சு நேரம்தான், ஆனால் பார்த்தார். பக்கத்தில் பிரமுவும் நின்று, அவர் பார்ப்பதைப் பார்த்தாள். பிறகு அவர் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

குளியல் மாளிகை மஞ்சள் நிறத்தில் ஓர் அரண்மனைபோல இருந்தது. நடுவே திறந்த வெளியில் ஆவி பறக்கும் பெரிய குளம். அதில் மார்பளவு தண்ணீரில் நின்றபடி ஆண்கள் மிதக்கும் பலகையில் சதுரங்கம் ஆடினார்கள். உடுப்போடு யாரையும் இறக்கக் கூடாதென்பது விதி. குளத்தில் இறங்குமுன் உடம்பை நனைத்துக்கொள்ள வேண்டுமென்பது இன்னொரு விதி. வாசலிலிருந்தவரும் அவருடைய மேற்பார்வையாளரும் சிவசைலத்தைச் சுற்றி வந்து பார்த்து, நெடுநேரம் விவாதித்து, இரண்டாவது விதியை இவர் இவ்வளவு தாராளமாக நிறைவேற்றியிருப்பதால் முதலாவதைத் தளர்த்தலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். அந்த நேரமும் போயிற்று.

இறங்கினார். தண்ணீர் இளம்சூடாக இருந்தது. அன்று முழுக்கக் குளிரில் நடுங்கிய உடம்பு, அவரைக் கேட்காமலேயே, அப்பாடா என்றது. முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தளர்ந்தது. தம்பி செத்த அன்றைக்குத் தன் உடம்பு இவ்வளவு சுகப்படுமென்று அவர் நினைத்திருக்கவில்லை. வெட்கத்தோடு, "குளிர்ந்த தண்ணி இல்லையா? என் தம்பி செத்துட்டான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த ஆள் மற்றொருவரிடம் அவர்கள் பாஷையில் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். வார்த்தை ஆவிக்குள் கை மாறி மாறிக் குளத்தின் மறு ஓரம்வரை போனது. சதுரங்கம் ஆடியவர்கள் காய் நகர்ந்துவிடாமல் ஆளுக்கொரு விரலால் பிடித்துக்கொண்டார்கள். குளிர்நீர்த் தொட்டி மூலையில் இருந்தது. சிவசைலம் அதில் இறங்கி, மூக்கைப் பிடித்து, முதல் தடவை முழுகியபோது பெரிய குளத்திலும் தலைகள் மறைந்தன. இரண்டாம் தடவைக்கு இன்னும் அதிகம் பேர் மறைந்தார்கள். மூன்றாம் தடவை அவர் எழுந்து பார்த்தபோது தண்ணீர்மேல் ஆவியும் சதுரங்கப் பலகையும் தவிர எதுவும் இல்லை; பிறகு ஒவ்வொருவராக மேலே வந்து, மூக்கைச் சிந்தி, கண்ணைத் துடைத்து, தாங்கள் முழுகியது யாருக்கென்று யாரும் யாரிடமும் சொல்லாமல் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். கரையோரம் நின்ற சீமாட்டி தலை நனைக்கவில்லை. அவளுக்கு முடி அலங்காரம் கெட்டுவிடும்.

சிவசைலம் தொட்டியிலிருந்து ஏறினார். நெஞ்சு லேசாக இருந்தது. முறையாகச் செய்தாயிற்று. துவட்டிக்கொண்டார். துவட்டிய இடத்திலேயே மறுபடி இடது காதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது; உச்சியிலிருந்து ஒரு கோடு இறங்கியது. பிரமு எதிரே நின்றாள். கையில் செல்போன் இருந்தது. அவள் ஏற்கெனவே அழுத்திவிட்டிருந்தாள், மணி அடித்துக்கொண்டிருந்தது.

"இப்பவாவது" என்று நீட்டினாள்.

வாங்கினார். எதிர்முனையில் எடுத்தார்கள். முதலில் குரல் வரவில்லை, சத்தம்தான் வந்தது. சிமெண்ட் தரையில் குடத்தோடு தண்ணீரைக் கவிழ்த்து, ஈர்க்குமாறால் வாசலைப் பார்த்துத் தள்ளுகிற சத்தம். அந்தச் சத்தம் எதற்குப் பிறகு எழும் என்று தெரியாதவர்கள் அவருடைய ஊரில் யாருமில்லை. ஆனாலும் காலையிலிருந்து உள்ளே கிடந்த வார்த்தையை அவரால் நிறுத்த முடியவில்லை.

"எழிலு, பெரியப்பா பேசுதேன். நீயே வையி தாயி. யாரு என்ன சொன்னாலும் நான் சொன்னேன்னு சொல்லு. நீயே வையி."

"வச்சாச்சு பெரியப்பா" என்றாள் அவள். குரல் கம்மியிருந்தது, ஆனால் கோபம் இல்லை. "இங்க நல்லா மேகம் போட்டுட்டு. மழை இறங்கிட்டா விறகு நனஞ்சு போகும், இப்பமே எடுக்கணும்னு நெருக்குனாக. அண்ணங்காரர் பேசுனாரா பேசுனாரான்னு ஒரே கேள்வி. ஒங்க போன் வரலை."

"ஆமா... நான்..."

"நான் மச்சுக்குப் போயி, போனைக் காதுல வச்சிக்கிட்டு, கொஞ்ச நேரம் தனியாப் பேசிட்டு இறங்கி வந்தேன். பெரியப்பா பேசிட்டாகன்னு சொல்லிட்டேன். தப்புதான். மன்னிச்சிக்கிடுங்க."

ஈர்க்குமாறு சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

"நான் என்ன சொன்னதா..." என்றார்.

"நீயே வையி தாயின்னு சொன்னீகன்னு சொன்னேன்." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க அழுதீகன்னும் சொல்லிட்டேன். பேச்சே வரலை, அழுதுக்கிட்டே இருந்தாகன்னு. அப்படிச் சொன்னாத்தான நம்புவாக. அதுவரைக்கும் அம்மா கல்லு மாதிரி இருந்தா. அதக் கேட்டதும்தான் வாய்விட்டு அழுதா, ஒங்க அண்ணனுக்கு ஒங்க மேல பாசம் போகலைன்னு அப்பாட்டச் சொல்லிச் சொல்லி. யாராவது கேட்டா இல்லைன்னு சொல்லிராதீக பெரியப்பா. அம்மாகிட்ட மட்டுமாவது சொல்லிராதீக."

"சொல்ல மாட்டேன்."

"சாப்பிட்டீகளா?"

"ம்" என்றார்.

"வச்சிருதேன். வீடு கழுவிக்கிட்டிருக்கோம்."

போனை பிரமுவிடம் கொடுத்தபோது காதிலிருந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றிருந்தது. பிறகு நெற்றியில் நின்றது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்த இடமெல்லாம் கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு இழையாக விட்டுவிட்டு, கொடியில் நாள்முழுக்கக் கிடந்த துணியைப்போல மொடமொடவென்று ஆனது. துடைப்பத்தோடு காத்திருந்த ஊழியர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, இனி வேலை இல்லையென்று கண்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். தூண்டில்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டார். காபிக் கடைப் பெண் மீன் தம்ளரை வெளிச்சத்தில் ஒருமுறை உயர்த்திப் பார்த்துவிட்டு, அதை நதியில் விட்டுவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினாள். மற்றவர்கள் போகவில்லை. தம்பியை இழந்த மனிதன் ஊரோடு பேசிவிட்டான் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. அப்படிப் பேசி முடித்தவன் அடுத்து என்ன செய்வான் என்பதும் எல்லா ஊர்களுக்கும் தெரிந்ததுதான். அதற்கு இடம்கொடுத்து, சத்தமில்லாமல், குளத்துக்குள்ளும் வெளியேயும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சிவசைலம் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். இன்னொரு முறை மூடித் திறந்தார்.

பிரமு துண்டை உதறிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். தலையைத் தொட்டுப் பார்த்தாள், உலர்ந்திருந்தது. கழுத்து உலர்ந்திருந்தது. முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்களைக் கிட்டத்தில் பார்த்தாள். அங்கேயும் துடைக்க ஒன்றும் இல்லை.

"குனிங்க" என்றாள்.

அவர் குனிந்தார். அவள் துண்டின் நுனியை விரலில் சுற்றி, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும், எல்லோரும் பார்க்கும்படி, நிதானமாகத் துடைத்தாள்.